செருப்புக் கடைக்கு ஒரு பாலிசி

எங்கள் பஜாரில் யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. வயதைக் கேட்கலாம். சம்பந்தி வீட்டுச் சண்டையைக் கேட்கலாம். ஆபரேஷன் செய்த தையலைக் காட்டச் சொல்லிக்கூடக் கேட்கலாம், சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். "கடையில எம்புட்டு சரக்கு இருக்கும்?" என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால், "ஏதோ ஓடுதுண்ணே" என்று பதில் வரும். மூன்று மாடிக் கடைக்காரரும் அதைத்தான் சொல்வார், தள்ளுவண்டியில் சீப்பு விற்கிறவரும் அதைத்தான் சொல்வார். கண் பட்டுவிடும் என்ற பயம் கொஞ்சம், சொந்தக்காரன் கைமாற்றுக் கேட்டு வந்துவிடுவான் என்ற பயம் கொஞ்சம். தொகை சொல்லியே தீரவேண்டிய நெருக்கடி வந்தால் உள்ளதில் பாதியைச் சொல்வார்கள். கேட்கிறவரும் விவரமானவர்தானே, அதை மனசுக்குள் இரட்டிப்பாக்கிக்கொள்வார். இதைப் பொய் என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் சிம்மக்கல்லில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். இந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணமான புதிதில், "இன்னைக்கு வியாபாரம் எப்படிங்க?" என்று ஆசையாகக் கேட்டேன். "பரவால்ல" என்றார். தீபாவளிக்கு முந்தின நாள், கடைக்குள் நிற்க இடமில்லாமல் ஜனம் படிக்கட்டில் நின்றபோதும் பரவால்ல. மழை கொட்டி ஈ காக்கை நுழையாத நாளும் பரவால்ல. இத்தனை வருஷத்தில் எங்கள் மகள் பிறந்து, படித்து, பெங்களூருக்கு வேலைக்கும் போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தையைத் தாண்டி அந்த மனுஷரிடம் இருந்து எனக்கு ஒரு விவரம் வந்ததில்லை.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அவருக்கு வரவே வராது. அதனால் எங்கள் வீட்டுச் சண்டைகளில் முக்கால்வாசி நானே பேசி, நானே பதில் சொல்லி, நானே சமாதானமாகி முடித்தவை.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வெயிட் தூக்கக்கூடாது, ஏணி ஏறக்கூடாது, டென்ஷன் ஆகக்கூடாது என்றார் டாக்டர். இந்த மூன்றும் இல்லாமல் செருப்புக் கடை நடத்துவது எப்படி என்று அவர் சொல்லித் தரவில்லை. கடையில் வேலைக்கு இருந்த பொம்பளைப் பிள்ளையும் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டது. அதனால் மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு நான் கடைக்குப் போக ஆரம்பித்தேன். கல்லாவில் நான் உட்கார்ந்துகொள்வேன். கைக்கு எட்டும் வரிசைகளில் இருந்து அவர் எடுத்துக் காட்டுவார். அதற்கு மேல் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த டப்பாக்களைத் தொடவேண்டிய தேவை வரவில்லை. "அது ஸ்கூல் சீசன் சரக்கு, தொறக்கிறப்ப இறக்கிக்கலாம்" என்பார். நானும் சரி என்று இருந்துவிட்டேன்.

இந்த வருஷச் சித்திரை வெயிலில், பக்கத்துத் தெருவில் ஒரு மெத்தைக் கடை தீப்பிடித்தது. கரண்ட் கோளாறு என்றார்கள். பஞ்சும் ரப்பரும் எரிந்த நாற்றம் எங்கள் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நாங்களும் ஓடினோம். அந்தக் கடைக்காரர் நடுரோட்டில் வெறுங்காலோடு நின்றார். கடைக்குள் சாமி படம் இருப்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார் போல. வாரிச்சுருட்டி ஓடிவந்ததில் அது உள்ளேயே போய்விட்டது. தார் ரோடு கொதித்தது. அந்த ஆளுக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் அவர் காலை ஒரு பார்வை பார்த்தார். திரும்பிப் போய் ஒரு ஜோடி எடுத்துவந்து, குனிந்து, ஒவ்வொரு காலாகப் பிடித்து மாட்டிவிட்டார். அளவு கச்சிதமாக இருந்தது. அந்த மனிதர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், எங்கள் கடைக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று. எங்களுக்கு இருப்பது அந்தக் கடை ஒன்றுதான். அது போனால், ஸ்டென்ட் வைத்த மனுஷர் இந்த வயதில் முதலில் இருந்து ஆரம்பிக்க முடியாது. மகள் கையை எதிர்பார்த்து உட்காரும் நாள் வந்தால் அவர் அதிக நாள் இருக்கமாட்டார். இது எனக்கு நன்றாகத் தெரியும். கடை என்று நான் சொன்னாலும் என் பயமெல்லாம் அவரைப் பற்றித்தான்.

மகளுக்குக் கணக்கு எடுத்த டீச்சர் ஒருவர் இருக்கிறார். மிஷன் ஸ்கூலில் இருந்து ரிட்டயர் ஆனபிறகு இன்சூரன்ஸ் பார்க்கிறார். அவருக்குப் போன் போட்டேன். மறுநாள் காலையில் நானும் கூடவே கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் ஷட்டரைத் தூக்கிச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கும்போதே டீச்சர் ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "தம்பி, முதல்ல தீ விபத்துல இருந்து ஆரம்பிப்போம்" என்றார்.

என் வீட்டுக்காரர் பதறிவிட்டார். "டீச்சர், டீச்சர்! இன்னும் போணி ஆகல. காலங்காத்தால தீயி கீயின்னு..."

டீச்சர் கடையைச் சுற்றிப் பார்த்தார். "வீட்டுக்குப் போடுற மாதிரி ஒரு ஹவாய் எடுங்க." இவர் எடுத்தார். டீச்சர் பணத்தை இவர் கையில் கொடுத்தார். "போணி ஆயிருச்சா? இப்ப தீ விபத்து" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. இவரோ கண்ணில் ஒற்றிக்கொண்ட பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல், நகர்ந்து போகவும் முடியாமல் நின்றார்.

டீச்சர் போர்டில் எழுதுகிற மாதிரிதான் பேசுவார். "கடைக்குன்னு மொத்தமா ஒரு பாலிசி இருக்கு. அதுல நமக்கு எது வேணுமோ அத எடுத்துக்கலாம். தீயி, வெள்ளம், திருட்டு. கடைக் கண்ணாடி உடைஞ்சா. வாங்க வந்தவங்க வழுக்கி விழுந்து கேஸ் கொடுத்தா. எல்லாத்தையும் வாங்கணும்னு இல்ல. எது நடந்தா உங்களால தாங்க முடியாதோ, அதுக்கு எழுதணும். தாங்கிக்கிற நஷ்டத்துக்குப் போய் வருஷா வருஷம் பணம் கட்டாதீங்க."

இவர் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தார். "வெள்ளமா? வைகையில தண்ணி வந்தாத்தான டீச்சர்."

"ஆத்துல வராது தம்பி. சாக்கடையில வரும். போன மழைக்கு உங்க படிக்கட்டு வரைக்கும் வரல?"

வந்தது. ஊருக்கு வந்திருந்த மகள் பழைய புடவையெல்லாம் வைத்து அடைத்ததை நான் சொன்னேன். இவர் என்னை ஒரு முறை முறைத்தார்.

"திருட்டெல்லாம் வேணாம். செருப்பை எவன் பூட்டு உடைச்சுத் திருடப் போறான்? கோயில் வாசல்ல ஓசியிலயே கிடைக்குது."

இதற்கு டீச்சரே சிரித்துவிட்டார். சரி, திருட்டு போகட்டும் என்றார். கண்ணாடியும் போயிற்று. வழுக்கி விழுவதை நான் விடவில்லை, எங்கள் படிக்கட்டு அப்படி. கடைசியில் இவர் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"தீயும் வேணாம் டீச்சர்."

எனக்கு வந்ததே கோபம். "என்ன பேசுறீங்க? மெத்தைக் கடைக்காரரு நின்ன நிலையப் பாத்தீங்கல்ல? அதுக்குத்தான டீச்சரையே வரச்சொன்னேன்!"

"தீ இல்லாம பாலிசி எப்படி தம்பி? இட்லி வேணாம், சட்னி மட்டும் குடுங்கன்னு கேக்குற மாதிரி இருக்கு" என்றார் டீச்சர். இவர் நேராக இருந்த செருப்பையே மறுபடி நேராக்கினார். டீச்சரும் அதை அத்தோடு விட்டுவிட்டு, "சரி, சரக்கு மதிப்பு எம்புட்டு இருக்கும்?" என்றார்.

கேட்டுவிட்டார். நான் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தொகையைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தொகைக்கு அடி வரிசை நாலுதானே வரும்! கூரை வரைக்கும் டப்பா நிற்கிறது, கண் இருக்கிறவர் யாரும் பார்க்கலாம். பாதி சொல்வார்கள் என்று தெரியும், இது பாதியில் பாதி. இன்சூரன்ஸ்காரரிடமுமா கண் படும் என்று பயப்படுவது? எழுதாதீர்கள் என்று டீச்சருக்கு ஜாடை காட்டினேன். "யோசிச்சு வைங்க, அப்புறம் வாரேன்" என்று புதுச் செருப்போடு கிளம்பிப் போனார்.

அந்த வாரத்திலேயே கோரிப்பாளையத்தில் இருந்து பாய் வந்தார். ஸ்கூல் பேக் மொத்தமாக விற்கிறவர், இவருக்கு ரொம்ப நாள் சிநேகம். ஷூ கேட்டு வருகிறவர்களை அவர் இங்கே அனுப்புவார், பை கேட்கிறவர்களை நாங்கள் அங்கே அனுப்புவோம். இவர் டீ சொல்லப் போன நேரம் பார்த்து நான் புலம்பித் தீர்த்தேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ தங்கச்சி, அந்தத் தப்பத்தான் நானும் பண்ணேன். போன மழையில என் குடோனுக்குள்ள தண்ணி வந்துச்சுல்ல? பாலிசி எழுதுறப்ப வழக்கம்போல பாதிதான் சொல்லியிருந்தேன். நனைஞ்சது என்னவோ கொஞ்சம் பேக்தான். அதுக்காவது முழுசா வரும்னு இருந்தேன். நஷ்டத்தக் கணக்குப் பாக்கக் கம்பெனி சர்வேயர் வந்தாரு. நனைஞ்சது, நனையாதது அம்புட்டையும் கணக்கெடுத்தாரு. பாதிச் சரக்குக்குத்தான பாய் நீங்க பணம் கட்டியிருக்கீங்க, அப்ப நனைஞ்சதுலயும் பாதிக்குத்தான் கம்பெனி பொறுப்புன்னு சொல்லிட்டாரு. கோவமா வந்துச்சு. ஆனா அந்தப் பையன் மேல என்ன தப்பு? எந்நாளும் சொல்ற பொய்ய அங்கேயும் போய்ச் சொல்லிட்டேன். உண்மையச் சொல்லச் சொல்லுமா, அண்ணனுக்கு நீதான் எடுத்துச் சொல்லணும்."

எடுத்துச் சொன்னேன். வீட்டில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், சாப்பாடு போடும்போது சொன்னேன். பாய் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். "நான் சொன்னது சரியான தொகைதான்" என்பதைத் தவிர அவர் வாயில் இருந்து வேறு வார்த்தை வரவில்லை. "சாமி சத்தியமா?" என்றேன். "சத்தியம்லாம் எதுக்கு" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். பொய் சொல்கிறவர் சத்தியம் செய்யமாட்டார் என்பது என் கணிப்பு. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

டீச்சருக்குப் போன் போட்டு, இவர் சொன்னதைப்போல நாலு மடங்கு எழுதிவிடுங்கள் என்றேன்.

"கூடுதலா எழுதுறதும் வீண்தாம்மா. எரிஞ்ச சரக்குக்குத்தான் கம்பெனி கொடுக்கும், எழுதின சரக்குக்குக் கொடுக்காது. சும்மா பிரீமியம்தான் கூடும். பேசாம ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து சரக்க எண்ணிருங்க. சண்டையே வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போவோம் என்றேன். முட்டி வலிக்குது என்றார். ஆட்டோ பிடித்தேன். பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, லைட்டைப் போட்டு, கீழ் வரிசைகளை எண்ணினோம். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கைக்கு எட்டுகிற வரைக்கும் ஆயிற்று. நான் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏணியைச் சாத்தினேன்.

"ஏறாத" என்றார்.

"நீங்கதான் ஏறக்கூடாது. எனக்கு என்ன?"

"ஏறாதன்னு சொல்றேன்ல. விழுந்துருவ. தூசி."

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அதனாலேயே விறுவிறுவென்று ஏறினேன். கையை நீட்டி ஒரு டப்பாவை இழுத்தேன். ஷூ டப்பா கனமாக இருக்கும் என்று தம் பிடித்து இழுத்ததில், அது விசுக்கென்று கையோடு வந்து நான் பின்னால் சாயப் பார்த்தேன். திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்தது, அதற்கடுத்தது. மேல் வரிசைக்கு ஏறி எட்டி எடுத்தேன். அதுவும் அப்படித்தான்.

எங்கள் தொழிலில் காலி டப்பாவைத் தூக்கிப் போடமாட்டார்கள். ரேக் காலியாகத் தெரிந்தால் லட்சுமி வரமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. வாங்க வருகிறவர்களும் நிறைந்த கடையில்தான் நுழைவார்கள். கூரையை ஒட்டிய வரிசை எல்லாக் கடையிலும் காலிதான், அது எனக்கும் தெரியும். ஆனால் இங்கே கைக்கு எட்டாத உயரத்தில் இருந்து கூரை வரைக்கும், மூன்று சுவரிலும் வெறும் அட்டை. ஒவ்வொன்றும் நம்பர் வெளியே தெரியும்படி, ஒரு விரல்கூட முன்னே பின்னே தள்ளாமல் அடுக்கியிருந்தது. வெளியில் தூசிகூட இல்லை. யாருக்கும் தெரியாமல் காலையில் நான் வருவதற்கு முன்னால் இவர் கம்பில் துணி கட்டித் துடைத்திருக்கிறார்.

ஏணியில் நின்றபடியே கீழே பார்த்தேன். செருப்பு போட்டுப் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் குட்டை ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். முகத்தை நிமிர்த்தவில்லை.

"டீச்சர்கிட்ட உண்மையத்தான சொன்னேன்" என்றார். "நீதான் நம்பல."

இத்தனை வருஷத்தில் சரக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு அந்த மனுஷர் ஒருவரிடம் நேராகப் பதில் சொன்னது அது ஒரு தடவைதான். அதையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு நான் இரட்டிப்பாக்கி, அதையும் இரட்டிப்பாக்கி வைத்திருக்கிறேன்.

இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தேன். அவராகவே பேசினார். படுத்து எழுந்த பிறகு சரக்குப் போடுகிறவர்கள் கடனுக்குப் போடத் தயங்கினார்களாம். ஆள் இருப்பாரோ மாட்டாரோ என்று அவர்களுக்கும் பயம் இருக்கும்தானே என்று அவர்களுக்காகவும் பேசினார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் போனில் பார்த்து வீட்டுக்கே வரவழைத்துக்கொள்கிறார்கள். விற்றதில் மருந்தும் வாடகையும் போக, விற்ற இடத்தை நிரப்ப முடியவில்லை. டப்பா காலியாகக் காலியாக மேலே ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ ஆஸ்பத்திரி வராந்தாவுல அழுததப் பாத்துட்டேன். ஸ்ட்ரெச்சர்ல கொண்டு போறப்ப. அதுக்கு மேல உன்னைய அழவைக்க எனக்குத் தெம்பில்ல."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "காலி டப்பாவத் துடைக்கவா தெனம் காலையில மாத்திரைய முழுங்கிட்டு ஓடியாந்தீங்க? நெஞ்சுல கம்பிய வச்சுக்கிட்டு ஏணி ஏறி அடுக்கினீங்களா? ஏதாச்சும் ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்? அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்தில் இருந்து மறுபடி திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் ஓய்ந்த பிறகு, "இன்னொன்னு இருக்கு. அதையும் சொல்லிர்றேன்" என்றார்.

"மெத்தைக் கடை எரிஞ்சுச்சுல்ல. அந்தாளுக்குச் செருப்ப மாட்டிவிட்டுட்டு நிமிந்து பாக்குறேன். அம்புட்டுக் கூட்டமும் ஐயோ பாவம்னு நிக்குது. என் மனசு சொல்லுது, இது நம்ம கடையா இருந்தா எம்புட்டு நல்லாருக்கும்னு. எல்லாம் சாம்பலாப் போயிரும். காலி டப்பா எது, சரக்கு எதுன்னு யாருக்குத் தெரியும்? நல்லா இருந்த கடை, தீயில போச்சுன்னு சொல்லுவாங்க. மரியாதையாப் போயிரும். அன்னையில இருந்து என்னைய நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு. தனியா இருக்கறப்ப சாம்பிராணிகூடப் போடுறதில்ல. இதுல பாலிசியும் இருந்துச்சுன்னா... அதான் தீ வேணாம்னேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஷட்டருக்குக் கீழே ரோட்டில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவர் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே எல்லாக் காலி டப்பாவையும் இறக்கினோம். நான் ஏணியில் நின்று எடுத்துக் கொடுக்க, அவர் மிதித்து மடக்கி, கட்டுக் கட்டாகக் கட்டினார். முதல் டப்பாவை மிதிக்கத்தான் தயங்கினார். கடை, பல் விழுந்த வாய் மாதிரி ஆயிற்று. பழைய பேப்பர்காரர் வந்து, "என்ன முதலாளி, கடைய மாத்துறீங்களா?" என்றார். "இல்லப்பா, சரக்கு குறைஞ்சு போச்சு" என்று இவர் சொன்னார். அவர் அதை நம்பாமல் சிரித்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

பாயிடம் நான்தான் சொன்னேன். சொல்லவேண்டாம் என்று இவர் தடுக்கவில்லை. பாய், "எங்கிட்டயுமா மறைச்சாரு?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஸ்கூல் பேக்கும் லஞ்ச் பேக்குமாக வந்து இறங்கியது. கூடவே பாயும் வந்தார். "அண்ணே, என் குடோன்ல இடமில்ல. உங்க ரேக்கு சும்மாத்தான இருக்கு. இங்க கெடக்கட்டும். வித்துச்சுன்னா பாத்துக்கலாம், விக்கலைன்னா திரும்ப எடுத்துக்கிறேன்" என்றார். குடோனில் இடம் இல்லையாம்! பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிற குடோன் அது. பாயின் ஆட்களே மேலே ஏறி அடுக்கிக் கொடுத்தார்கள். சிவப்பும் நீலமுமாகச் சுவர் நிறைந்தது.

டீச்சர் அந்த வாரம் வந்தார். இந்தத் தடவை போணி ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னோம், தீயைப் பற்றிய அந்த ஒன்றைத் தவிர. அது எங்கள் இருவரோடு இருக்கட்டும். டீச்சர் பைகளைப் பார்த்தார்.

"இது அந்த பாயோட சரக்குன்னா தனியா எழுதணும். அடுத்தவங்க பொருள் உங்க பொறுப்புல இருக்குன்னு சொல்லணும். சொல்லாம விட்டா, நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அவருக்கு ஒண்ணுமே வராது. உங்க சரக்கு இம்புட்டு, அவரு சரக்கு இம்புட்டு. வெள்ளம் போட்டுக்கலாம், படிக்கட்டுல விழுறதப் போட்டுக்கலாம்." பேனாவைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். "தீயத்தான் நீங்க வேணாம்னீங்க."

நான் இவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் என் முகம் என்ன சொல்லிவிடுமோ என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டவுன்பஸ் ஒன்று ஆட்டோவுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எழுதுங்க டீச்சர்" என்றார் இவர். "பாய் சரக்கு உள்ள இருக்கு. தீயில இருந்தே ஆரம்பிங்க."

சரக்கு மதிப்பைக் கேட்டபோது உள்ளதைச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அவ்வளவு சின்னத் தொகைக்கு அவ்வளவு சின்ன பிரீமியம்தான் வந்தது. அதைக் கேட்டதும் இவர் முகம் ஒரு கணம் வாடியதை நான் பார்த்தேன். டீச்சரும் பார்த்திருப்பார். "அடுத்த வருஷம் கூட்டி எழுதுவோம் தம்பி" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார்.

சில நாளில் பாலிசி என் வீட்டுக்காரர் போனுக்கு வந்தது. என்னிடம் படிக்கச் சொன்னார். கல்லாவில் உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டினேன். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கடையைச் சாத்தினோம். ஷட்டரை இழுத்து இரண்டு பக்கமும் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு சாவிக் கொத்தை என்னிடம் நீட்டினார்.

"இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும்."

எதற்கு என்று கேட்கத் தேவையில்லை, பாலிசியில் இப்போது தீ இருக்கிறது. வாங்கி என் பைக்குள் போட்டுக்கொள்ளத்தான் கை போனது, இல்லை என்று சொல்லமாட்டேன். சாவி அவர் உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அதை அவர் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டேன். வழக்கமாக அவர் வைத்துக்கொள்கிற இடப்பக்கப் பை.

"காலையில நான் சமையக்கட்டுல நிப்பேன். நீங்கதான வந்து தொறக்கணும்?" என்றேன்.

பையின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு" என்றேன். "நடங்க, பஸ் போயிரப் போகுது."